தோற்றவர்களுக்கு முன்னுரிமை தரும் பள்ளி: லடாக்கின் செக்மோல் வளாகம்

லடாக்கில் லே நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், சிந்து நதிக்கரையில், ஃபே என்னும் கிராமத்தை ஒட்டி ஒரு சிறிய உறைவிடப் பள்ளி இருக்கிறது. செக்மோல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் லடாக் மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கம் நடத்துகிற இந்த வளாகத்தில் சேர நல்ல மதிப்பெண் எடுத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தோற்றவர்களுக்கே இங்கே முன்னுரிமை. சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வைத்து, தேறுகிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, பிறகு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பதாகை கட்டும் பள்ளிகளையே பார்த்துப் பழகிய நமக்கு, இந்த ஒரு விதியே இவ்வளாகத்தைப் போய்ப் பார்க்கப் போதுமான காரணமாகும்.

நான் அறிவியல் ஆசிரியர். சென்ற குளிர்காலத்தில், பிப்ரவரி மாதத்தில், உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து இங்கே சில நாள் தங்கினேன். பிள்ளைகளுக்குச் செய்முறைக் கல்வி வேண்டும் என்று கேட்கிற பெற்றோருக்கும், அதை எப்படிக் கொடுப்பது என்று விழிக்கிற ஆசிரியர்களுக்கும், லே வரை போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பள்ளியின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் மற்றவை விளங்கா. 1988-ஆம் ஆண்டு, கல்லூரிப் படிப்பை முடித்திருந்த லடாக் இளைஞர்கள் சிலர் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்கினார்கள். பொறியியல் படித்த சோனம் வாங்சுக் அவர்களில் ஒருவர். அந்நாளில் லே மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களுள் நூற்றுக்கு ஐந்து பேர்தான் தேறினார்கள் என்பது இன்றும் அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. பிள்ளைகள் வீட்டில் பேசியது லடாக்கி மொழி. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பாடம் உருது மொழியில் நடந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறியது. பாடநூல்கள் வேறு நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கடலும் ரயிலும் தென்னையும் வரும், பனியாறும் யாக் எருதும் பார்லி வயலும் வாரா. இத்தனைக்கும் நடுவே நூற்றுக்கு ஐந்து பேர் தேறியதுதான் வியப்பு.

இயக்கத்தார் முதலில் சஸ்போல் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சீர்திருத்தங்களைச் செய்து பார்த்தார்கள். 1994-இல் அரசையும் கிராம மக்களையும் இணைத்துக்கொண்டு, ‘ஆபரேஷன் நியூ ஹோப்’ என்ற பெயரில் அதை மாவட்டம் முழுமைக்கும் கொண்டு சென்றார்கள். கிராமந்தோறும் கல்விக் குழு அமைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, லடாக் மண்ணுக்கு ஏற்ற பாடநூல்களை உருவாக்குவது என்று வேலை நடந்தது. 1995-இல் அமைந்த லே மலை மேம்பாட்டுத் தன்னாட்சிக் குழு அதைத் தன் கல்விக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. தேர்ச்சி விழுக்காடு பல மடங்கு உயர்ந்தது. அப்படி உயர்ந்த பிறகும் தவறுகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? அவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கான விடைதான் ஃபே வளாகம்.

இனி வளாகத்துக்கு வருகிறேன். மரமற்ற பழுப்புநிறச் சரிவில், தெற்கு நோக்கி அமைந்த மண் கட்டடங்கள் சிலவே கண்ணில் படுகின்றன. பெரிய கட்டடம் என்றே பெயர் வழங்கும் முதன்மைக் கட்டடத்தின் சுவர்கள், ஈரம் காத்த மண்ணைப் பலகைச் சட்டத்துக்குள் அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து எழுப்பியவை. இக்கட்டடத்துக்கு 2016-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த உலக மண் கட்டடக்கலை மாநாட்டில் டெர்ரா விருது கிடைத்தது. விருதைவிட அதன் உள்ளே நிற்பதுதான் முக்கியம். வெளியே வெப்பநிலை உறைநிலைக்குப் பத்துப் பதினைந்து பாகை கீழே கிடக்கையில், விறகோ மண்ணெண்ணெயோ எரிக்காத அறைக்குள் ஒரு கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து எழுத முடிகிறது.

எப்படி என்று விளக்க வந்தவர் கட்டடக் கலைஞர் அல்லர், பதினேழு வயது மாணவி. அவர் சொன்னதன் சாரம் இது. லே ஏறத்தாழ 34 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் அங்கே நண்பகல் சூரியன் தென்திசையில் அடிவானத்துக்கு 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 79 பாகைக்கு ஏறிவிடும். ஆகவே தெற்குச் சுவரில் பெரிய கண்ணாடிகளை வைத்து, மேலே கூரையைச் சற்று நீட்டிவிட்டால், தாழ நிற்கும் குளிர்கால வெயில் அறையின் கடைசி மூலை வரை வரும், தலைக்கு மேலே நிற்கும் கோடை வெயில் கூரையிலேயே தடைபட்டுவிடும். பகலெல்லாம் உள்ளே வந்த வெயிலைத் தடித்த மண் சுவரும் தரையும் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகின்றன. வடக்குப் பக்கம் சரிவின் மண்ணோடு அணைந்து நிற்பதால் அந்த வழியாகச் சூடு அதிகம் கசிவதில்லை. குளிர்காலத்தில் தெற்கு முகப்புக்கு வெளியே ஒளி புகும் பிளாஸ்டிக் தாளைக் கூடாரம்போல இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அதற்குள் கீரை வளர்கிறது, அங்கே சூடாகும் காற்று அறைக்கு வருகிறது. வசந்தம் வந்ததும் தாளைச் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள்.

அந்தி சாய்ந்து நெடுநேரம் ஆன பின்பு அவர் என்னைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். மிதமான வெதுவெதுப்பு இருந்தது. பிறகு அதே சுவரில், புத்தக அலமாரி வெயிலை மறைத்திருந்த ஓர் இடத்தில் கையை வைக்கச் சொன்னார். அங்கே சில்லென்றிருந்தது. அலமாரியை அங்கே வைத்தது சென்ற அணியினரின் பிழை என்றும், வரும் கூட்டத்தில் அதை நகர்த்தச் சொல்லப்போவதாகவும் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். வெப்ப ஏற்புத்திறன் என்ற பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அலமாரி எங்கே இருக்க வேண்டும் என்று அதைக்கொண்டு தீர்மானிக்கலாம் என்பதை எந்த மாணவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அவர்களைக் கேட்டதும் இல்லை.

இந்த வளாகத்தின் சிறப்பு என்று நான் கருதுவது இதைத்தான். செய்முறை என்ற பெயரில் நம் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் முடிவு தெரிந்த சோதனை. நான் முன்பு பணிசெய்த ஒரு பள்ளியில், சோதனையே செய்யாமல் சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து இந்த ஆண்டு மாணவர் எழுதி, நாங்கள் கையெழுத்திட்டு, புறத்தேர்வாளரும் தலையசைத்து, எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கியது ஊரறிந்த செய்தி. சோதனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால்தான் அப்படி. ஃபே வளாகத்தில் வேலை நடக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். பசு கறக்கப்படாவிட்டால் காலைத் தேநீருக்குப் பால் இராது. சூரிய மின்தகட்டின் மேல் படிந்த பனியை யாரும் துடைக்காவிட்டால் இரவில் படிக்க விளக்கு இராது. பிளாஸ்டிக் தாள் கிழிந்திருப்பதை யாரும் தைக்காவிட்டால் கீரை கருகும், அறையும் குளிரும். மதிப்பெண் போட ஆசிரியர் தேவைப்படாத தேர்வு இது.

இந்த வேலைகளையெல்லாம் மாணவர்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். வளாகத்துக்கென்று ஒரு குடியரசு இருக்கிறது என்றே சொல்லலாம். ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்களே தேர்தல் நடத்திப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சமையலறை, மாட்டுக்கொட்டில், தோட்டம், மின்சாரம், விருந்தினர் உபசரிப்பு என்று ஒவ்வொன்றும் ஒருவர் அல்லது ஒரு சிறு குழுவின் கையில் இருக்கும். காலம் முடிந்ததும் பொறுப்பு கைமாறும். மாட்டுக்கொட்டிலைப் பார்த்தவர் கணக்குப் புத்தகத்துக்குப் போவார். மேடையேறிப் பேசவே கூசுபவர் விருந்தினரை அழைத்துச் சுற்றிக்காட்ட வேண்டியிருக்கும்.

பொறுப்பு கைமாறும் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. கூட்டம் லடாக்கி மொழியில் நடந்தது. அருகில் இருந்தவர் அவ்வப்போது இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குழுவும் தான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒப்பிக்க வேண்டும். தோட்டத்துப் பையன் எழுந்து, வளர்த்த கீரைகளின் பெயர்களைச் சொல்லி, எல்லாம் நன்றாக விளைந்தன என்று சுருக்கமாக முடிக்கப் பார்த்தான். எதிரே இருந்த ஒருத்தி, ‘நன்றாக என்றால் எத்தனை கிலோ? அதில் சமையலறைக்கு வந்தது எத்தனை?’ என்று கேட்டாள். பையன் நோட்டைப் புரட்டினான். எழுதி வைத்த எடை சில நாள்களுக்கு இருந்தது, பல நாள்களுக்கு இல்லை. யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்து தோட்டத்தை ஏற்க வேண்டியவள் மட்டும், தராசு சமையலறையில் இருப்பதால்தான் எடை விட்டுப்போகிறது, தராசைத் தோட்டத்து வாசலுக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டாள். சமையலறைக் குழு மறுத்தது. தராசு யாருடையது என்ற வழக்கு அரை மணி நேரம் நடந்தது. பெரியவர்கள் இருவர் அங்கே இருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த அரை மணி நேரம் அவர்கள் எப்படிப் பொறுமையாக இருந்தார்கள் என்பதுதான் ஆசிரியனாக எனக்குக் கிடைத்த பாடம். என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் முடிந்திராது.

சமையலறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெளியே கண்ணாடித் துண்டுகளைப் பதித்த பெரிய குழிவுத் தட்டுகள் நிற்கின்றன. அவை வெயிலைக் குவித்துப் பாத்திரத்தின் அடியில் வீழ்த்துகின்றன. லடாக்கின் வானம் ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் தெளிந்திருப்பதால் இது பெருமளவு பயன்படுகிறது. மேகம் மூடினால் எரிவாயு உண்டு. குளிக்கவும் வெயிலில் சுட்ட நீர்தான். காலையில் காம்பிர் எனப்படும் தடித்த ரொட்டியும் தேநீரும், மற்ற வேளைகளில் சோறும் பருப்பும் காய்கறியும், சில நாள் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப்பும் கிடைத்தன. உணவு எளிமையானது, சூடானது, காரம் குறைந்தது. ஊறுகாய்ப் புட்டியை எடுத்துப் போன நண்பர் எங்கள் மேசையில் மட்டுமன்றிப் பக்கத்து மேசைகளிலும் பெரும் செல்வாக்குப் பெற்றார்.

கழிப்பறை உலர் கழிப்பறை. லடாக்கின் மரபு வீடுகளில் உள்ள அதே முறைதான்: நீர் ஊற்றுவதில்லை, மண்ணும் சாம்பலும் போடுகிறார்கள், மக்கிய பின் வயலுக்கு உரமாகப் போகிறது. நீர் உறைந்து குழாய் வெடிக்கும் ஊரில் இதைவிட அறிவான ஏற்பாடு இல்லை. ஆயினும் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகிய நம்மவர்க்கு முதலிரண்டு நாள் சங்கடமாகவே இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலை உடற்பயிற்சியும் வகுப்புகளும், மாலையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும், இரவில் செய்தியோ உரையோ பாட்டோ என்று நாள் நிறைந்து கிடக்கிறது. தவறிய பாடங்களை மீண்டும் எழுதித் தேறுவது மாணவர்களின் குறிக்கோள்களில் ஒன்றாக இருப்பதால் புத்தகப் படிப்பும் நடக்கிறது. ஆனால் நேரத்தின் பெரும்பகுதியை அது தின்பதில்லை. எங்களைப் போன்ற விருந்தினர்களும் தன்னார்வலர்களும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டியது ஆங்கிலப் பேச்சு வகுப்பில்தான். இலக்கணம் நடத்தக் கூடாது. நாலைந்து மாணவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவே. தென்கோடியிலிருந்து வருகிறேன் என்றதும் என் வட்டத்தில் இருந்தவர்கள் கடலைப் பற்றிக் கேட்டார்கள். அலை இரவிலும் அடிக்குமா, உப்பு எங்கிருந்து வந்தது, குளிர்காலத்தில் கரையோரமாவது உறையாதா என்று கேள்விகள் வந்தன. உப்பு கலந்த நீர் எத்தனை பாகையில் உறையும் என்பதில் தொடங்கி, பனிச்சறுக்குக்காக அவர்கள் வளாகத்தில் நீர் விட்டு உறையவைக்கும் குளத்தில் ஏன் உப்பு விழக் கூடாது என்பதில் அந்த வகுப்பு முடிந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. கேள்வி தடுமாறவில்லை.

அந்தக் குளம் விளையாட்டுக்கானது மட்டுமன்று என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். லடாக்கில் குளிர்காலம் என்பது கிராமங்கள் முடங்கிக் கிடக்கும் காலம். ஐஸ் ஹாக்கி அந்த மாதங்களைத் திருவிழாவாக்கிவிட்டது. இவ்வளாகத்தில் மாணவிகளும் மட்டை பிடித்து ஆடினார்கள். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2016-இல் முதன்முறையாகப் பன்னாட்டுப் போட்டிக்குப் போனபோது அதில் பெரும்பாலானோர் லடாக் பெண்களாகவே இருந்ததற்கு இதுபோன்ற குளங்களே காரணம்.

வளாகத்தின் பெயரை உலகறியச் செய்தது, நீரைக் கூம்பாக உறையவைத்துச் சேமிக்கும் பனித்தூபி. லடாக்கின் உழவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு நீர் வேண்டும். பனியாறு உருகி நீர் வருவதோ ஜூனில். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடை நீரை உறையவைத்துச் சேமிக்கலாம் என்ற எண்ணம் பழையது. லடாக்கின் பொறியாளர் செவாங் நோர்பெல் உயரமான பள்ளத்தாக்குகளில் கிடைமட்டமாக அப்படிச் செய்துகாட்டியிருந்தார். தாழ்வான ஊர்களில் அது சீக்கிரம் உருகிவிடும். அதே நீரைக் கூம்பாக நிறுத்தினால் கொள்ளளவுக்கு வெயில் படும் பரப்பு குறையும், உருகுவதும் தாமதப்படும் என்று வாங்சுக் கணக்கிட்டார். 2013-14 குளிர்காலத்தில் மாணவர்களோடு சேர்ந்து முதல் மாதிரியை எழுப்பினார். மேட்டிலிருந்து குழாயில் வரும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும்பி, இரவுக் குளிரில் தெளித்து விழும்போதே உறைந்தது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர் நீர் கொண்ட அந்தக் கூம்பு மே மாதம் நடுப்பகுதி வரை உருகாமல் நின்றது. 2016-இல் இதற்கு ரோலக்ஸ் விருது வந்தது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் தோற்றவர்கள் என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகள், நள்ளிரவில் குழாயில் பனி அடைக்காமல் காவல் இருந்து செய்த வேலை இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே படித்துப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று பட்டியல் கேட்பவர்களுக்குத் திருப்தி தரும் விடை கிடைக்காது. மலைவழிகாட்டியாகப் பயிற்சி பெற்ற முதல் லடாக்கிப் பெண்களுள் ஒருவராக அறியப்படும் தின்லஸ் சோரோல் இங்கே பயின்றவர். 2009-இல் பெண்களே நடத்தும் மலையேற்றச் சுற்றுலா நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாம் வகுப்பில் திரும்பத் திரும்பத் தோற்று இங்கே வந்த ஸ்டான்சின் தோர்ஜாய் பின்னாளில் பன்னாட்டு விருதுகள் பெற்ற ஆவணப்பட இயக்குநரானார். தம் ஊரிலேயே, தம் ஊரைப் பற்றிய வேலையில் கால் ஊன்றியவர்கள் இவர்கள். இதைப் பெரிய வெற்றி என்பேன். அதை ஒப்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, இந்த முறை சிறிய எண்ணிக்கையில்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் பெயரையும் அறிந்திருப்பதால்தான் தராசு வழக்கை அரை மணி நேரம் பேச முடிகிறது. ஐந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் இதே கூட்டம் ஒலிபெருக்கி வைத்த சடங்காகிவிடும். ஆகவே, அரசு இதைப் பார்த்து எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொல்கிறவர்கள் என்ன கேட்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த, கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்வியைத் தமிழ்நாட்டிலும் பல பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்கள். நூல் நூற்கும் தக்ளியைச் சுற்றுவதே பாடவேளையாகி, அந்த நூலின் தேவை ஊரில் இல்லாதபோது அது வெறும் கடமையாகச் சுருங்கியதைப் பழைய ஆசிரியர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். ஃபேயில் குளிர் இருக்கிறது, அதனால் கட்டடம் பாடமாகிறது. மதுரையில் வைத்துச் செய்வதானால், பாடமாகத்தக்க தேவை மதுரையில் என்ன என்று முதலில் தேட வேண்டும். மண் சுவரையும் கண்ணாடியையும் பெயர்த்துக் கொண்டுவந்தால் வெந்துபோவோம்.

இரண்டாவது, விருந்தினர் வரத்து. கோடையில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள் என்று சொன்னார்கள். சுற்றிக்காட்டுவது மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி என்பது உண்மை. ஆனாலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தான் தேர்வில் தோற்றவன் என்ற செய்தியை முன்பின் தெரியாதவர்களிடம் நாள்தோறும் சொல்ல நேர்வது எப்போதும் நல்லதுதானா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. கேட்டபோது ஒரு மாணவி சிரித்துக்கொண்டே, முதல் வாரம் வலித்தது, இப்போது அது ஊர்ப் பெயர் போல என்றாள். எல்லோருக்கும் அப்படி ஆகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது, தன்னார்வலர்களைச் சார்ந்திருப்பது. பேச்சு வகுப்புக்கு வருகிற ஆள் வாரந்தோறும் மாறுவதால், மாணவர் தம் பெயரையும் கிராமத்தையும் திரும்பத் திரும்ப அறிமுகம் செய்துகொண்டே இருக்கிறார். நெடுநாள் தங்குபவர்களே உண்மையில் பயன் தருகிறார்கள். எங்களைப் போலச் சில நாள் வந்து போகிறவர்கள் கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வதே அதிகம். இதோடு, 2025 செப்டம்பரில் லடாக்கில் நடந்த போராட்டங்களையொட்டி வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறைவைக்கப்பட்டதையும், இந்த அமைப்பு வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவை ஒன்றிய உள்துறை அமைச்சகம் ரத்து செய்ததையும் வாசகர்கள் செய்திகளில் படித்திருப்பார்கள். அரசியலுக்குள் நான் போகவில்லை. போக நினைப்பவர்கள் வளாகத்தைத் தொடர்புகொண்டு, அப்போதைய நிலவரத்தைக் கேட்டறிந்த பிறகே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கியவர்கள் இரண்டு நாளாவது படுத்து ஓய்வெடுக்க வேண்டும். இறங்கிய அன்றே வளாகத்துக்கு ஓடினால் தலைவலியும் குமட்டலுமாக மாணவர்களுக்குப் பாரமாவோம். சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அவர்கள் ஒதுக்கிய நேரத்தில்தான் போக வேண்டும். பிளாஸ்டிக் புட்டிகளையும் நொறுக்குத்தீனி உறைகளையும் கொண்டுபோனால் திரும்ப எடுத்துவர வேண்டியது நாமே. தங்குகிறவர்களுக்கு வேலை உண்டு. எனக்கு வாய்த்தது பாத்திரம் தேய்ப்பது. கூட வந்த கணித ஆசிரியருக்குச் சாணம் அள்ளுவது.

கட்டடத்தின் வேலையை அறிய விரும்புபவர்கள் கோடையில் போவதில் அதிகப் பொருளில்லை. ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டும். தோட்டத்தையும் ஆப்ரிகாட் பூக்களையும் பார்க்க விரும்புபவர்கள் ஏப்ரல் இறுதியைத் தேர்ந்தெடுக்கலாம். தம் பிள்ளையை இங்கே சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்ட நண்பர்களுக்கு இல்லை என்றே சொன்னேன். இது லடாக்கின் பிள்ளைகளுக்காக, அவர்கள் மொழியில், அவர்கள் குளிருக்காக ஏற்பட்டது. ஆசிரியர்களுக்கோ தயங்காமல் சொல்வேன்: ஒருமுறை போய் அந்தக் கூட்டங்களில் ஒன்றில், வாய் திறக்காமல், முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.